செயின் எவ்வளவு தொங்க வேண்டும்? கப்சாய் மோட்டாருக்கு முழுமையான வழிகாட்டி

பினாங்கில் நம் வீட்டு வாசலில் நிற்கும் கப்சாய், அதாவது சின்ன மோட்டார் சைக்கிள், பெரும்பாலும் ஈஎக்ஸ்5, வேவ், கிரிஸ், எல்சி135, ஒய்15, ஆர்எஸ்150 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எதுவாக இருந்தாலும் செயின் வேலை ஒன்றுதான், ஸ்பேனர் அளவும் ஒன்றிரண்டு நட்டும் மட்டும் மாறும். அரை மணி நேரத்தில் வீட்டிலேயே முடித்துவிடலாம். ஆனால் நாம் வழக்கமாகச் செய்வது என்ன? பட்டறைக்குப் போய் "அண்ணே, செயின் சத்தம் போடுது, கொஞ்சம் டைட் பண்ணி விடுங்க" என்போம். அவரும் "சரி தம்பி" என்று நாலு திருப்பு திருப்பிக் கொடுப்பார். சத்தம் போய்விடும், நமக்கும் திருப்தி. அளந்து பார்த்தாரா, எவ்வளவு தொய்வு விட்டார், பின் சக்கரம் நேராக நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை.

செயின் வேலையில் நிறைய பேர் தவறுவது இந்த இடத்தில்தான். இறுக்குவது சுலபம். சரியான அளவு தொய்வை விட்டு நிறுத்துவதுதான் வேலை. தொய்வு அதிகமானால் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். இறுக்கம் அதிகமானால் ஒன்றும் சொல்லாமல் பேரிங்கைத் தின்றுகொண்டே போகும், கடைசியில் பில் வரும்போதுதான் தெரியும்.

தொய்வு ஏன் வேண்டும்

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு இடத்தை மையமாக வைத்து மேலும் கீழும் ஆடுகிறது. முன் ஸ்ப்ரோக்கெட் (செயின் சுற்றும் பல் சக்கரம்) அந்த மையத்தில் இல்லை, அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதனால் பின்பக்கம் அமுங்கும்போது முன் ஸ்ப்ரோக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ரோக்கெட்டுக்கும் இடையே உள்ள தூரம் மாறுகிறது. முன் ஸ்ப்ரோக்கெட், ஸ்விங் ஆர்ம் மையம், பின் ஆக்ஸில் (பின் சக்கரத்தின் அச்சு) மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நொடியில் அந்தத் தூரம் உச்சத்தில் இருக்கும், செயினும் அப்போதுதான் மிக இறுக்கமாக இருக்கும்.

மோட்டார் டபுள் ஸ்டாண்டில் சும்மா நிற்கும்போது இது தெரியாது. பின்னால் மனைவியையும் நடுவில் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு, கைப்பிடியில் பசார் பை தொங்க, ஒரு குழியில் இறங்கினால் ஸ்விங் ஆர்ம் அந்த நேர்கோட்டைத் தொட்டுவிடும். நிற்கும்போதே விறைப்பாக இருந்த செயினுக்கு அப்போது நீளம் போதாது, நீளவும் முடியாது. அந்த இழுப்பு முழுவதும் ஒரு பக்கம் கியர்பாக்ஸ் வெளி ஷாப்ட்டின் பேரிங்கிலும், இன்னொரு பக்கம் பின் சக்கர பேரிங்கிலும் விழும். சக்கர பேரிங் பெரிய செலவில்லை. ஆனால் கியர்பாக்ஸ் பேரிங்கை மாற்ற இஞ்சினை இறக்கிப் பிளக்க வேண்டும்.

தொய்வு மிக அதிகமானால் வேறு ஆபத்து. ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது செயின் ஸ்ப்ரோக்கெட் பல்லிலிருந்து ஏறி வெளியே விழலாம். விழுந்த செயின் முன் ஸ்ப்ரோக்கெட்டில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அல்லது இஞ்சின் கவரையே உடைக்கும். பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நிலப்பகுதியையும் தீவையும் இணைக்கும் முதல் பாலம் 13.5 கிமீ, பத்து காவான் பக்கம் போகும் இரண்டாவது பாலம் 24 கிமீ. 2019 முதல் மோட்டாருக்கு இரண்டிலும் டோல் கிடையாது என்பதால் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் நிறைய. கடல் காற்று பக்கவாட்டில் தள்ள, பக்கத்தில் லோரி ஓட, நடுப் பாலத்தில் செயின் கழன்றால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

செயின் ஏன் நீளுகிறது

இரும்பு இழுபட்டு நீள்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கண்ணிகளுக்கு நடுவே உள்ள பின்னும் (கண்ணிகளைக் கோர்க்கும் ஆணி) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் தேய்கின்றன. கப்சாய் செயினில் நூறுக்கு அருகிலோ அதற்கு மேலோ கண்ணிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 0.05 மிமீ தேய்ந்தாலே மொத்தத்தில் 5 மிமீ நீளம் கூடிவிடும். தூசியும் மணலும் ஒட்டிய செயின் வேகமாகத் தேய்வது இதனால்தான். பத்து பிரிங்கி, தெலுக் பஹாங் பக்கம் கடலோரச் சாலையில் ஓடும் மோட்டாருக்கு உப்புக் காற்று வேறு. மாலை மழையில் நனைந்த செயினை அப்படியே விட்டு மறுநாள் காலை பார்த்தால் ஆரஞ்சு நிறம் பூத்திருக்கும்.

ஓ-ரிங் செயின் போட்டிருந்தால் பின்னுக்குள் கிரீஸ் அடைத்து ரப்பர் வளையத்தால் சீல் வைத்திருப்பார்கள், அது மெதுவாகத் தேயும். ஆனால் கப்சாய்களில் கம்பெனியிலிருந்தே வருவது பெரும்பாலும் சாதாரண செயின்தான். அதற்கு நாம் போடும் எண்ணெயை விட்டால் வேறு கதி இல்லை.

முதலில் அளவு

இஞ்சினை அணைத்துவிட்டு சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் ஸ்டாண்ட் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்தை எப்போதும் கையால்தான் சுற்ற வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, கியர் போட்டு, சுற்றும் செயினில் துணி வைத்துத் துடைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். துணி சிக்கினால் விரலையும் சேர்த்து ஸ்ப்ரோக்கெட்டுக்குள் இழுத்துவிடும், கை எடுக்க நேரமே இருக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

முன் ஸ்ப்ரோக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ரோக்கெட்டுக்கும் சரியாக நடுவில், கீழ்ப்பக்கம் ஓடும் செயினைப் பாருங்கள். ஒரு இரும்பு ரூலரைச் செங்குத்தாகப் பிடியுங்கள். செயினை விரலால் மேலே தள்ளி, அது நிற்கும் அளவைப் பாருங்கள். பிறகு கீழே இழுத்து அந்த அளவையும் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தொய்வு. சும்மா தொங்கும் இடத்திலிருந்து மேலே தள்ளினால் வரும் தூரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 'இவ்வளவுதானா' என்று நினைத்துவிட வேண்டாம், முழு ஆட்டமும் கணக்கு. ஈஎக்ஸ்5 மாதிரி செயின் முழுவதும் கவருக்குள் இருக்கும் மோட்டாரில், கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் செயின் தெரியும், அந்த ஓட்டை வழியாகத்தான் அளக்க வேண்டும்.

பெரும்பாலான கப்சாய்க்கு 25 முதல் 35 மிமீ. மலைப் பாதைக்கென்று உயரமாகக் கட்டிய மோட்டாருக்கு அளவு இதைவிடக் கூடும். உங்கள் மாடலின் சரியான எண் கையேட்டில் இருக்கும், சில மோட்டார்களில் ஸ்விங் ஆர்மிலோ செயின் கவரிலோ ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். நான் சொல்வதையும் அந்த ஸ்டிக்கரையும் ஒப்பிட்டால் ஸ்டிக்கர்தான் சரி. எந்த ஸ்டாண்டில் வைத்து அளக்க வேண்டும் என்பதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் அளந்துவிட்டு ஸ்பேனரை எடுக்காதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடி அளங்கள், இன்னும் கொஞ்சம் சுற்றி மறுபடி. நாலைந்து இடத்தில் பார்த்தால் ஒரு இடத்தில் செயின் இறுக்கமாகவும் இன்னொரு இடத்தில் தொங்கலாகவும் இருப்பது தெரியும். செயின் எல்லாக் கண்ணியிலும் ஒரே மாதிரி தேய்வதில்லை, ஸ்ப்ரோக்கெட்டும் நூற்றுக்கு நூறு வட்டமாக இருப்பதில்லை. எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ, அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தொங்கும் இடத்தைப் பார்த்து 30 மிமீ வைத்தால், இறுகும் இடத்தில் 15 ஆகிவிடும்.

இறுக்குவதற்கு முன் செயினுக்கு ஆயுள் இருக்கிறதா பாருங்கள்

தேய்ந்துபோன செயினை இறுக்கிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை. பின் ஸ்ப்ரோக்கெட்டின் கடைசி முனையில், அதாவது சக்கரத்தின் பின்பக்கம், செயினைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். புதுச் செயின் அசையாது. பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்கு எழும்பி வந்தால் அதன் காலம் முடிந்தது.

இன்னும் துல்லியமாக வேண்டுமா? 420, 428 என்று எண் போட்ட இரண்டு வகைச் செயினுக்குமே ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடைத்தூரம் 12.7 மிமீ. அந்த முதல் எண்ணான 4 குறிப்பது இதைத்தான், அடுத்த இரண்டு எண்கள் அகலத்துக்கு. ஆக 21 பின் எண்ணி, முதல் பின்னின் நடுவிலிருந்து கடைசிப் பின்னின் நடுவரை அளந்தால் புதுச் செயினில் 254 மிமீ இருக்க வேண்டும். செயினை இழுத்துப் பிடித்துக்கொண்டு அளங்கள். 256.5ஐத் தாண்டினால் 1 சதவீதம் தேய்ந்துவிட்டது, புதுச் செட்டுக்குக் காசு ஒதுக்க ஆரம்பிக்கலாம். 259 வந்துவிட்டால் 2 சதவீதம், இனி ஓட்டவே வேண்டாம்.

அப்படியே ஸ்ப்ரோக்கெட் பல்லையும் பாருங்கள். பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி ஆகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ரோக்கெட், பின் ஸ்ப்ரோக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ஸ்ப்ரோக்கெட்டில் புதுச் செயின் போட்டுச் சில வெள்ளி (ரிங்கிட்) மிச்சம் பிடிப்பவர்கள் சில மாதத்தில் அந்தப் புதுச் செயினையும் சேர்த்து மாற்றுவார்கள்.

கண்ணிகளை ஒவ்வொன்றாக விரலால் மடக்கிப் பாருங்கள். சில கண்ணிகள் துரு ஏறி மடங்காமல் விறைத்து நிற்கும். சுத்தம் செய்து எண்ணெய் போட்டும் மடங்கவில்லை என்றால் அந்தச் செயினைச் சரிசெய்ய முடியாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஆக்ஸில் நட்டுக்கு ரிங் ஸ்பேனர் இரண்டு (பெரும்பாலும் 17, 19 அல்லது 14, மோட்டாரைப் பார்த்து வாங்குங்கள்), செயினை இறுக்கும் அட்ஜஸ்டருக்கு 10 அல்லது 12, பிளையர், இரும்பு ரூலர், பழைய பல் பிரஷ், மண்ணெண்ணெய், பழைய துணி, செயின் எண்ணெய். ஆக்ஸில் நட்டில் கொட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் இரண்டு கால் கம்பி) இருக்கும் மாடலாக இருந்தால் புதுப் பின் ஒன்று. பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள், ஒரு முறை வளைந்தது இரண்டாம் முறை உடையும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், அதாவது திருகி அளவு மாற்றும் ஸ்பேனர், ஆக்ஸில் நட்டுக்கு வேண்டவே வேண்டாம். நட்டின் முனைகளை வழித்துவிடும், அப்புறம் பட்டறையில் அதைக் கழற்ற உளி கேட்பார்கள்.

இப்போது வேலை

முதலில் சுத்தம். அழுக்கு அடைத்த செயினில் எடுத்த அளவை நம்ப முடியாது. மண்ணெண்ணெயில் பிரஷை நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, காயவிட்டு, மேலே சொன்ன அளவை மறுபடி எடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள், தீப்பிடிக்கும் ஆபத்து ஒரு பக்கம், ஓ-ரிங் செயினாக இருந்தால் ரப்பரும் கெடும். ஓ-ரிங் செயினில் கம்பி பிரஷும் கூடாது.

பின் பிரேக் டிரம் வகை என்றால், பிரேக் ராடின் கடைசியில் இருக்கும் நட்டைச் சில திருப்பு தளர்த்தி விடுங்கள். சக்கரம் பின்னால் நகரும்போது பிரேக் ராட் இழுபட்டு பிரேக் தானாகப் பிடிக்க ஆரம்பிக்கும், அதற்காகத்தான் இது. பிரேக் பேனலிலிருந்து ஸ்விங் ஆர்முக்குப் போகும் ஒரு இரும்புக் கை இருந்தால் அதன் நட்டையும் தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். டிஸ்க் பிரேக் மோட்டார்களில் இந்த வேலை இல்லை.

அடுத்து ஆக்ஸில் நட்டு. கொட்டர் பின் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். எதிர்ப்பக்கம் ஆக்ஸில் தலையை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்துங்கள். முழுக்கக் கழற்றாதீர்கள், ஆக்ஸில் நகர இடம் கிடைத்தால் போதும். ஹோண்டா வேவ், ஈஎக்ஸ்5 வகையறாவில் செயின் பக்கம் பின் ஸ்ப்ரோக்கெட்டைப் பிடிக்கும் ஸ்லீவுக்கென்று தனியாக இன்னொரு பெரிய நட்டு உண்டு. அதையும் தளர்த்த வேண்டும். நிறைய பேர் அதை விட்டுவிட்டு, அட்ஜஸ்டரை முறுக்கிக்கொண்டே 'என்னடா நகரவே மாட்டேங்குது' என்று மல்லுக்கட்டுவார்கள், அட்ஜஸ்டர் போல்ட்டின் மரைதான் போகும்.

இப்போது அட்ஜஸ்டர். ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்க முனையிலும் ஆளுக்கொன்று இருக்கும். லாக் நட்டு இருந்தால் அதைத் தளர்த்திவிட்டு, அட்ஜஸ்டர் நட்டைக் கால் திருப்பு, இந்தப் பக்கம் கால், அந்தப் பக்கம் கால். அவ்வளவுதான். அதிலேயே நிறுத்தி அளங்கள்.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனமாகத் திருப்பச் சொல்கிறேன் என்றால், ஆக்ஸில் அரை மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்தாலே நடுவில் செயினின் தொய்வு 10 மிமீக்கு மேல் குறைந்துவிடும். நேர்கோட்டிலிருந்து சற்றே தொங்கும் செயினில் நீளம் மிகக் கொஞ்சம் குறைந்தாலும் நடுவில் ஆட்டம் பல மடங்கு குறையும், அதன் கணக்கு அப்படி. அட்ஜஸ்டர் போல்ட்டில் ஒரு முழுத் திருப்பு என்றால் ஏறக்குறைய 1 மிமீ அல்லது அதற்குச் சற்று மேல். அதாவது ஒரே திருப்பில் 40 மிமீ தொங்கிய செயின் விறைத்து நின்றுவிடும். பட்டறையில் அவசரத்தில் ஒரு இழுப்பில் முறுக்கும்போது நடப்பது இதுதான்.

தவறிப்போய் அதிகம் இறுகிவிட்டால் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் மட்டும் போதாது. அட்ஜஸ்டர் சக்கரத்தைப் பின்னால்தான் இழுக்கும், முன்னால் தள்ளாது. இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்திவிட்டு, டயரின் பின்பக்கத்தைக் காலால் முன்னோக்கி ஒரு தள்ளு தள்ளுங்கள், ஆக்ஸில் மறுபடி அட்ஜஸ்டரில் உட்காரும்.

நேராக நிற்கிறதா

ஸ்விங் ஆர்மின் இரண்டு பக்கமும் கோடுகள் வெட்டியிருக்கும். இடது பக்கம் மூன்றாவது கோட்டில் இருந்தால் வலதும் மூன்றாவது கோட்டில் இருக்க வேண்டும். இது அடிப்படை. ஆனால் அந்தக் கோடுகளை முழுக்க நம்பாதீர்கள், குறிப்பாக விழுந்தெழுந்த மோட்டாரிலும், கடையில் வாங்கி மாட்டிய வேறு ஸ்விங் ஆர்மிலும். இன்னும் நம்பகமான வழி ஒன்று உண்டு. ஸ்விங் ஆர்ம் போல்ட்டின் நடுவிலிருந்து பின் ஆக்ஸிலின் நடுவரை ஒரு அளவு நாடாவால் இரண்டு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சக்கரம் நேர்.

கண்ணாலும் பார்க்கலாம். மோட்டாருக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செயினின் மேல்பக்கம் வழியாக முன்னோக்கிப் பாருங்கள். பின் ஸ்ப்ரோக்கெட்டை விட்டு வெளியே வரும் இடத்தில் செயின் ஒரு பக்கம் வளைந்தால் சக்கரம் கோணல். பின் ஸ்ப்ரோக்கெட் பல்லின் பக்கவாட்டில் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அது நாள்பட்ட கோணலின் தடயம். கோணலாக ஓடும் சக்கரம் செயினைத் தின்பதோடு நிற்காது, மோட்டாரை ஒரு பக்கம் இழுக்கும், டயரும் ஒரு பக்கமாகத் தேயும்.

இறுக்கி, மறுபடி அளந்து

அளவு சரி, நேரும் சரி. இப்போது துணியைச் சுருட்டி, கீழ்ப்பக்கம் செயின் பின் ஸ்ப்ரோக்கெட்டில் ஏறும் இடத்தில் வைத்து, சக்கரத்தை மெதுவாக முன்னோக்கிச் சுற்றுங்கள். துணி செயினுக்கும் ஸ்ப்ரோக்கெட்டுக்கும் நடுவே மாட்டிச் சக்கரத்தை முன்னோக்கி இழுத்து, ஆக்ஸிலை இரண்டு அட்ஜஸ்டரிலும் அழுத்தமாக உட்கார வைக்கும். சுற்றும் கை டயரில் இருக்கட்டும், துணியை விரலால் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த நிலையிலேயே ஆக்ஸில் நட்டை இறுக்குங்கள். ஸ்லீவ் நட்டைத் தளர்த்தியிருந்தால் அதையும் மறக்காமல் இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம்? கப்சாய்களில் பொதுவாக 60 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும், சரியான எண் கையேட்டில். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இருந்தால் நல்லது. இல்லை என்றால், 20 செமீ நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 30 கிலோ அழுத்தம் கொடுப்பது இதற்குச் சமம். நல்ல அழுத்தம்தான், ஆனால் ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிக்கிற அளவு இல்லை. குழாயைச் செருகி நீளமாக்கி முறுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அப்படி இறுக்கினால் மரை போகும், வழியில் டயர் பஞ்சரானால் யாராலும் கழற்றவும் முடியாது.

நட்டை இறுக்கிய பிறகு துணியை எடுத்துவிட்டு மறுபடி தொய்வை அளங்கள். ஆக்ஸில் இறுகும்போது கொஞ்சம் நகரும், பெரும்பாலும் செயின் நாம் வைத்ததைவிடச் சற்று இறுகிப் போயிருக்கும். 30 வைத்தது 24 ஆகியிருந்தால் சோம்பல் படாமல் நட்டைத் தளர்த்தி மறுபடி செய்யுங்கள். அதிகபட்ச அளவை ஒட்டி, 35 பக்கம் வைப்பது என் வழக்கம். தினமும் ஆள் ஏற்றிப் போகும் மோட்டார் என்றால் அதுதான் நல்லது.

அளவு சரியாக வந்ததும் அட்ஜஸ்டரின் லாக் நட்டை இறுக்குங்கள். புதுக் கொட்டர் பின்னைப் போட்டு இரண்டு காலையும் விரித்து வளையுங்கள். பிரேக் கை நட்டைத் தளர்த்தியிருந்தால் அதையும் இறுக்குங்கள், அதற்கும் கொட்டர் பின் இருந்தால் அதையும் போடுங்கள். இந்தக் கை கழன்றால் பிரேக் போடும்போது டிரம் பேனலே சேர்ந்து சுற்றிவிடும்.

அப்புறம் பிரேக் பெடல். அமுக்கினால் முதல் 20 முதல் 30 மிமீ சும்மா போய், பிறகு பிடிக்க வேண்டும். ராடின் நட்டைத் திருப்பி அப்படி வையுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றி உரசாமல் ஓடுகிறதா பாருங்கள். பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள், பெடல் உயரம் மாறினால் சுவிட்ச் எப்போதும் எரிந்துகொண்டோ எரியாமலோ போய்விடும், இருட்டில் பின்னால் வருகிறவனுக்கு அது முக்கியம்.

எண்ணெய்

செயின் எண்ணெய் போட நல்ல நேரம் ஓட்டிவிட்டு வந்த உடனே. சூடாக இருக்கும்போது எண்ணெய் உள்ளே இறங்கும். காலையில் கிளம்பும் அவசரத்தில் அடித்துவிட்டு ஓடினால் பாதி பின் டயரிலும் மீதி சட்டையிலும் தெறிக்கும். கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தட்டுகள் சேரும் இடைவெளியில், சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உட்புறம் விட்ட எண்ணெயைச் செயின் சுற்றும் வேகமே வெளிப்பக்கம் தள்ளிப் பின்களுக்குள் கொண்டுபோகும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். வெளியே பளபளப்பாக ஈரமாக இருக்கும் செயின் தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

ஸ்ப்ரே வாங்க மனம் இல்லை என்றால் 90 கியர் ஆயில் போதும், பல கையேடுகளிலேயே அதைச் சொல்லியிருப்பார்கள். டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டவும் துருவைத் தளர்த்தவும் நல்லது, ஆனால் செயினுக்கு அது எண்ணெய் ஆகாது, சீக்கிரம் போய்விடும். கழற்றி எடுத்த கறுப்பு இஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் இஞ்சின் தேய்ந்த இரும்புத் துகளும் கரியும் இருக்கும், அதை ஏன் பின்களுக்குள் அனுப்ப வேண்டும்?

500 கிமீக்கு ஒரு முறை எண்ணெயும், அப்படியே ஒரு அளவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு தினமும் போய்வருகிறவர்களுக்கு அது இரண்டு வாரம்கூட வராது. மழையில் நனைந்தால் கணக்குப் பார்க்காமல் அன்று ராத்திரியே துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

சரிசெய்தும் சத்தம் போனால்தானே

தொய்வு சரி, எண்ணெய் சரி, ஆனாலும் ஆக்சிலேட்டரை விட்டுப் பிடிக்கும்போது 'டக்' என்று ஒரு அடி வருகிறதா? செயினை மறுபடி இறுக்க ஓடாதீர்கள். பின் சக்கரத்துக்குள் டேம்பர் ரப்பர் இருக்கிறது, இஞ்சின் இழுப்பு சக்கரத்தில் ஒரேயடியாக விழாமல் தாங்குவது அதன் வேலை. ரப்பர் தேய்ந்து நசுங்கினால் இதே மாதிரி அடிக்கும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பின் ஸ்ப்ரோக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், நிறைய ஆடினால் ரப்பர் மாற்றும் நேரம். விலை அதிகமில்லை.

'ஊ...' என்று வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் சத்தம் என்றால் இறுக்கம் அதிகம், அல்லது பேரிங் ஏற்கெனவே போய்விட்டது. இஞ்சினை அணைத்து, நியூட்ரலில் மோட்டாரைத் தள்ளிப் பாருங்கள், பிரேக் உரசாமலேயே கனமாக இருந்தால் செயினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சரியாக ஒரு இடைவெளியில் 'கிளிக், கிளிக்' என்றால் விறைத்த கண்ணி ஒன்று ஸ்ப்ரோக்கெட்டில் ஏறி இறங்குகிறது.

செயின் இணைப்பில் கிளிப் வகை மாஸ்டர் லிங்க் (செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் கண்ணி) இருந்தால் அதையும் ஒரு முறை பாருங்கள். கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். மேல்பக்கம் இருக்கும்போது முன்சக்கரத்தை நோக்கி, கீழ்ப்பக்கம் வரும்போது பின்னோக்கி. திறந்த முனை முன்னால் இருந்தால் எதிலாவது உரசும்போது கிளிப் கழன்று செயின் அறுந்துவிடும். பிளையரால் எடுத்துத் திருப்பிப் போடுவது ஒரு நிமிட வேலை, கிளிப் தளர்ந்திருந்தால் புதியது வாங்கிவிடுங்கள்.

இரண்டு அட்ஜஸ்டரும் மரையின் கடைசிக்கு வந்துவிட்டதா? அதன் பிறகு ஒரு கண்ணியை வெட்டி எடுத்துச் செயினைச் சுருக்கித் தரச் சொல்லிச் சிலர் கேட்பார்கள், செய்தும் தருவார்கள். தேய்ந்தது தேய்ந்ததுதான், சுருக்கினால் கண்ணிகளின் பின்கள் புதிதாகிவிடாது. அங்கேயே செட் மாற்றச் சொல்லுங்கள், மாற்றி முடித்ததும் "அண்ணே, 30 மிமீ விட்டு வையுங்க" என்று எண்ணைச் சொல்லியே கேளுங்கள். புதுச் செயின் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் வேகமாகவே தளரும், அதனால் 300 கிமீ ஓடியதும் ரூலரை எடுத்து ஒரு முறை அளந்துவிடுங்கள்.